அரச பக்கங்களில் புளொக் செய்யப்பட்டோர்: ஒரு பட்டியல் வெளியே வந்த வரலாறு

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள்.

ஓர் அரச அலுவலகம் தன் வாசலில் "இன்னார் உள்ளே வரக் கூடாது" என்று எழுதி ஒட்டினால் ஊரே கேள்வி கேட்கும். அதே அலுவலகம் தன் பேஸ்புக் பக்கத்தில் ஒருவரை புளொக் செய்தால் யாருக்கும் தெரியாது. கடிதம் வராது, காரணம் சொல்லப்படாது, யார் செய்தார் என்றும் விளங்காது. நீர்வெட்டு அறிவித்தலும் வெள்ள எச்சரிக்கையும் அந்தப் பக்கத்திலேயே வரும் காலத்தில் இது சின்ன விஷயம் இல்லை. அமெரிக்காவில் இந்த விஷயம் எப்படி வெளிச்சத்துக்கு வந்தது என்பதை நாம் தெரிந்துகொள்வது நல்லது.

அங்கு 1966இல் ஜனாதிபதி லிண்டன் ஜோன்சன் தகவல் சுதந்திரச் சட்டத்தில் கையெழுத்திட்டார். மத்திய அரசின் நிறுவனங்களிடம் உள்ள ஆவணங்களை எவரும் கேட்டுப் பெற அது வழி திறந்தது. மாநிலங்களுக்கும் தனித்தனிச் சட்டங்கள் உண்டு. அந்தக் காலத்தில் ஆவணம் என்றால் கோப்பும் கடதாசியும்தான். ஐம்பது வருடங்களுக்குப் பிறகு அதே உரிமையை வைத்து ஒரு புதிய கேள்வி கேட்கப்பட்டது.

2017இல் புரோபப்ளிக்கா என்ற செய்தி நிறுவனம் 50 மாநில ஆளுநர்களுக்கும் 22 மத்திய அரச நிறுவனங்களுக்கும் தகவல் கோரிக்கைகளை அனுப்பியது. கேட்டது ஒன்றுதான்: உங்கள் பேஸ்புக், டுவிட்டர் கணக்குகளில் நீங்கள் புளொக் செய்தவர்களின் பட்டியலைத் தாருங்கள். கணக்கை நடத்துபவரின் செட்டிங்ஸில் அந்தப் பட்டியல் இருக்கிறது. ஆகவே அதுவும் அரச ஆவணம்தான் என்பதே வாதம்.

எல்லோரும் பட்டியலைத் தரவில்லை. கிடைத்த பதில்களை மட்டும் கூட்டியபோதே எண்ணிக்கை 1,300ஐ நெருங்கியது. அதில் ஏறத்தாழ அரைவாசி கென்டக்கி ஆளுநர் மெட் பெவின் புளொக் செய்த கணக்குகள். தனித்தனியாக "என்னை மட்டும்தான் விலக்கினார்கள்" என்று நினைத்திருந்தவர்கள் தாம் தனியாள் இல்லை என்பதை அறிந்துகொண்டார்கள்.

அதே வருடம் வழக்குகளும் தொடங்கின. ஜனாதிபதியைத் தகவல் சுதந்திரச் சட்டம் கட்டுப்படுத்தாது. எனவே ட்ரம்ப் டுவிட்டரில் புளொக் செய்த ஏழு பேருடன் சேர்ந்து, கொலம்பியா பல்கலைக்கழகத்தின் நைட் நிறுவனம் நேரே நீதிமன்றம் சென்றது. விமர்சித்தவர்களை இப்படி விலக்குவது பேச்சுச் சுதந்திரத்தை மீறுகிறது என்று 2018 மே மாதம் தீர்ப்பு வந்தது. 2019 ஜூலையில் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. ஆனால் ட்ரம்பின் பதவிக்காலம் முடிந்த பின், வழக்குக்கு இனிப் பொருளில்லை என்று 2021இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கிவிட்டது.

மேரிலண்ட் ஆளுநர் லெரி ஹோகன் மீதான வழக்கு 2018இல் சமரசத்தில் முடிந்தது. மாநிலம் 65,000 டொலர் கொடுத்தது. புளொக் செய்வதற்கு எழுத்திலான விதிகளையும் கொண்டுவந்தது.

இறுதியாக 2024 மார்ச்சில், மிச்சிகன் மாநிலத்தின் போர்ட் ஹியூரன் நகர நிர்வாகி ஒருவர் சம்பந்தப்பட்ட வழக்கில், உயர் நீதிமன்றம் ஏகமனதாக ஓர் அளவுகோலைத் தந்தது. அரசின் சார்பில் பேச அவருக்கு உண்மையான அதிகாரம் இருந்ததா? அந்தப் பதிவில் அந்த அதிகாரத்தைத்தான் பயன்படுத்தினாரா? இரண்டுக்கும் விடை "ஆம்" என்றால்தான் அது அரசின் செயல். அதிகாரி தன் குடும்பப் படம் போடும் சொந்தப் பக்கம் வேறு, அலுவலகத்தின் பக்கம் வேறு. இது இரு தரப்புக்கும் நியாயமான கோடு.

ஆனால் ஆளை புளொக் செய்யாமலேயே வாயை அடைக்கவும் முடியும். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் தன் பக்கங்களில் "மிருகம்", "சித்திரவதை" போன்ற சொற்கள் வரும் கருத்துகளைத் தானாகவே மறைக்கும்படி வைத்திருந்தது. மிருகங்கள் மீதான பரிசோதனையை எதிர்ப்போரின் குரல் இதனால் மறைந்தது. 2024 ஜூலையில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அது அரசியலமைப்புக்கு முரண் என்றது.

தூஷணம், மிரட்டல், இனவாதம் எழுதுபவர்களைச் சகித்துக்கொள்ளத்தான் வேண்டுமா என்று நம்மில் பலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்காகத்தான் விதி எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறோம். விதி இருந்தால் மிரட்டியவரையும், "வீதி எப்போது திருத்தப்படும்?" என்று கேட்டவரையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

நமது நாட்டிலும் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் உள்ளது. பிரதேச சபை முதல் அமைச்சு வரை எந்தப் பிரஜையும் கேட்கலாம். ஏன் கேட்கிறோம் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும்.

ஒரு கடதாசியில் மூன்று கேள்விகள் போதும். உங்கள் உத்தியோகபூர்வப் பக்கத்தில் எத்தனை கணக்குகள் புளொக் செய்யப்பட்டுள்ளன? அதைத் தீர்மானிக்கும் அதிகாரம் யாருக்கு? அதற்கான எழுத்திலான விதி எங்கே? யாருடைய பெயரையும் கேட்காததால், தனிப்பட்ட விபரம் என்று சொல்லி மறுப்பதும் கடினம்.

பதில் கிடைப்பவர்கள் இங்கே பகிருங்கள். இன்ஷா அல்லாஹ், சேர்ந்து வாசிப்போம்.