இரவு ரத்தமும் யானைக்கால் புழுவும்: ஒரு நோயறிதல் முறையின் வரலாறு

மனித உடலில் வாழும் ஒட்டுண்ணியை ஆய்வகத்தில் கண்டறியும் திறமை, நுண்நோக்கியைக் கையாள்வதைவிட, உடலின் எப்பகுதியிலிருந்து எந்நேரத்தில் மாதிரி எடுப்பது என்பதை அறிந்திருப்பதிலேயே பெரிதும் அடங்கியுள்ளது. கொக்கிப்புழுவின் முட்டையை மலத்திலும் மலேரியாக் கிருமியை ரத்தத்திலும் தேட வேண்டும் என்பது இன்று பாலபாடமாகத் தோன்றினாலும், இத்தகைய விதி ஒவ்வொன்றும் அந்தந்த ஒட்டுண்ணியின் வாழ்க்கைச் சுழற்சி படிப்படியாகப் புலப்பட்ட பின்னரே வகுக்கப்பட்டது. யானைக்கால் நோய்க்குக் காரணமான உச்செரேரியா பான்கிராஃப்டி என்னும் நூலிழை போன்ற உருண்டைப்புழுவின் வரலாற்றில் இவ்வுறவு மிகத் தெளிவாகத் தெரிகிறது. ஏனெனில் அதன் நாளொழுங்குக்கு ஆய்வகமே தன் வேலை நேரத்தை மாற்றிக்கொள்ள நேர்ந்தது.

இப்புழுவின் இளம்பருவமே முதலில் கண்ணில் பட்டது. 1863இல் பாரிஸ் நகரில் தெமார்க்கே என்னும் அறுவை மருத்துவர், கியூபாவிலிருந்து வந்த ஒருவரின் விரைவீக்க நீரில் நுண்ணிய புழுக்கள் நெளிவதைக் கண்டார். 1866இல் பிரேசிலின் பாயியா நகரில் ஓட்டோ உச்செரர், பால்போல வெளுத்து இறங்கும் சிறுநீரில் அதே உருவைக் கண்டார். எனினும் 1872இல் கல்கத்தாவில் திமோத்தி லூயிஸ் அவற்றை மனித ரத்தத்திலேயே கண்டறிந்தபோதுதான், சிதறிக் கிடந்த செய்திகள் ஒரே நோயின் கூறுகள் என்ற எண்ணம் வலுப்பெற்றது. 1876இன் இறுதியில் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் ஜோசஃப் பான்கிராஃப்ட் முதிர்ந்த பெண்புழுவைக் கண்டெடுத்தார். ரத்தத்தில் திரியும் குட்டிப்புழுவுக்கு மைக்ரோஃபைலேரியா என்று பெயர். தாய்ப்புழுவோ நிணநீர் நாளங்களுக்குள் தங்கியிருப்பது. எனவே, எட்டாத இடத்தில் இருக்கும் தாயை எட்டும் இடத்துக்கு வரும் குட்டியைக்கொண்டு அறிவதே அடுத்த நூறாண்டுக்கும் மேலாக நோயறிதலின் வழியாக நிலைத்தது.

அவ்வழியின் இடர்ப்பாட்டை வெளிக்கொணர்ந்தவர், சீனத்தின் அமோய் துறைமுகத்தில் சுங்கத்துறை மருத்துவராக இருந்த பேட்ரிக் மேன்சன். 1877இல், குட்டிப்புழுக்கள் ரத்தத்தில் இருந்த தம் தோட்டக்காரரைக் கொசுக்கள் கடிக்கும்படி செய்து, அக்கொசுக்களை நாள்தோறும் அறுத்துப் பார்த்து, குட்டிப்புழு கொசுவின் மார்புத் தசையில் வளர்ந்து உருமாறுவதை அவர் நிறுவினார். அதனினும் வியப்பான முடிவு 1879 அளவில் கிடைத்தது. பகலில் எடுத்த ரத்தத்தில் அருகியோ அறவே இல்லாமலோ இருந்த குட்டிப்புழுக்கள், மாலை சாய்ந்ததும் மெல்லப் பெருகி, நள்ளிரவை ஒட்டி உச்சத்தை அடைந்து, விடியும்போது மீண்டும் மறைவதை, இரவும் பகலும் குறித்த நேரங்களில் ரத்தம் எடுத்து எண்ணி அவர் காட்டினார். மருத்துவமனைகள் பகலில் இயங்குபவை; பகலில் சோதிக்கப்பட்டு நோயில்லை என்று அனுப்பப்பட்டவர்கள் எத்தனை பேரோ! 1881இல் லண்டனில் ஸ்டீஃபன் மெக்கென்சி, நோயாளி ஒருவரைப் பகலில் உறங்கி இரவில் விழித்திருக்கச் செய்தபோது குட்டிப்புழுக்களின் வருகையும் தலைகீழாக மாறியது. அவை பின்பற்றுவது சூரியனை அன்று, மனிதனின் உறக்கத்தை என்பது இதனால் விளங்கிற்று. பகலில் அவை நுரையீரலின் நுண்குழாய்களில் ஒதுங்கியிருப்பதை, இறந்த ஒருவரின் உடலைச் சோதித்து மேன்சனே பிற்காலத்தில் உறுதிப்படுத்தினார்.

இத்தனையும் கண்ட மேன்சன் கடைசிக் கண்ணியில் தவறினார். கொசு முட்டையிட்டதும் நீரில் விழுந்து மடிகிறது, அந்நீரைக் குடிப்பவருக்கு நோய் தொற்றுகிறது என்று அவர் கருதினார். அவருடைய கொசுக்கள் சில நாள்களிலேயே மடிந்துபோனதே இம்மயக்கத்துக்குக் காரணம். ஜோசஃப் பான்கிராஃப்டின் மகன் தாமஸ், வாழைப்பழம் ஊட்டிக் கொசுக்களை நெடுநாள் உயிருடன் வைத்திருக்கும் முறையைக் கையாண்டார். அவர் அனுப்பிய கொசுக்களை மெல்லிய சீவல்களாக வெட்டிப் பார்த்த ஜார்ஜ் கார்மைக்கேல் லோ, 1900இல் அவற்றின் உறிஞ்சுகுழலுக்குள்ளேயே இளம்புழுக்கள் கடிக்கத் தயாராக நிற்பதைக் கண்டார்.

இவ்வாறு முழுமை பெற்ற சுழற்சியில், புழு முதிர்ந்து இனம்பெருக்கும் இறுதி ஓம்புயிர் மனிதன். வளர்நிலைக்கு மட்டும் இடந்தரும் இடைநிலை ஓம்புயிர் கொசு. இந்தியாவில் இக்கடத்தலைப் பெரும்பாலும் செய்வது, சாக்கடை நீரில் பெருகும் கியூலெக்ஸ் கொசு. அது உறிஞ்சிய குட்டிப்புழு தன் உறையைக் களைந்து, குடலைத் துளைத்து, மார்புத் தசையை அடைந்து, ஏறத்தாழ இரண்டு வாரங்களில் தொற்றும் நிலையை எய்துகிறது. கடிவாயின் வழியே மனிதனுக்குள் நுழைந்த பிறகு அது முதிர்ச்சியடையப் பல மாதங்கள் ஆகும். பெண்புழு 8 முதல் 10 சென்டிமீட்டர் நீளத்துக்கு வளர்கிறது. ஆண்புழு அதில் ஏறத்தாழப் பாதியே.

இவ்வறிவிலிருந்து பிறந்ததே இரவு ரத்தப் பரிசோதனை. ஊர் அடங்கியபின் வீடு வீடாகச் சென்று, விரல் நுனியைக் குத்தி, 20 கன மில்லிமீட்டர் ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடிமனாகப் பரப்பி, காய்ந்த பூச்சை மறுநாள் நீரில் அமிழ்த்திச் செந்நிறத்தைப் போக்கிச் சாயமேற்றுவது வழக்கம். நுண்நோக்கியில் தேட வேண்டியது புழுவை மட்டுமன்று, அதன் வால்நுனியையும்தான். உறையணிந்த உடலில் உட்கருக்கள் வால்நுனியை எட்டாமல் நின்றுவிட்டால் அது உச்செரேரியா. நுனியில் இரண்டு உட்கருக்கள் தனித்துத் தெரிந்தால் அது கேரளத்தின் சேர்த்தலைப் பகுதியில் பெயர்பெற்றிருந்த புரூகியா மலாயி. இரத்தத்தில் புழு குறைவாயிருப்போரையும் கண்டுபிடிக்க, ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தை ஃபார்மலினில் கலந்து சுழற்றிப் படிவைத் தேடும் முறையை 1939இல் நாட் என்பவர் வகுத்தார். 1947இல் அறிமுகமான டைஎதில்கார்பமசின் மருந்தில் சிறிதளவு கொடுத்தால் பகலிலேயே புழுக்கள் வெளிச்சுற்று ரத்தத்துக்கு வருவது தெரிந்தபின், அதுவும் ஒரு சோதனை உத்தியாயிற்று.

இரவில் வரும் வழக்கம் எல்லா நிலத்துக்கும் பொதுவானதன்று. பாலினீசியத் தீவுகளில் பகலில் கடிக்கும் ஏடிஸ் கொசு நோயைப் பரப்புவதால், அங்குள்ள குட்டிப்புழுக்கள் பகலிலும் ரத்தத்தில் உலவுகின்றன. நிக்கோபார் தீவுகள் சிலவற்றிலும் இத்தகைய வகை உண்டு. குட்டிப்புழுவின் நேரமும் கடத்தும் கொசுவின் பசி நேரமும் ஒத்துப்போவது தற்செயல் அன்று என்பதற்கு இதைவிட வலுவான சான்று தேவையில்லை. இரவுக்கும் பகலுக்கும் இடையே நுரையீரலில் மாறும் ஆக்சிஜன் அளவை உணர்ந்தே புழுக்கள் ஒதுங்குவதும் வெளிவருவதும் நிகழ்கின்றன என்று இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சோதனைகளால் விளக்கியவர் ஃபிராங்க் ஹாக்கிங்.

கால் வீங்கிப் பருத்துப்போன நோயாளியின் ரத்தத்தில் பெரும்பாலும் குட்டிப்புழு இராது. வெளித்தோற்றத்தில் குறையேதும் இல்லாதவரே பிறருக்குத் தொற்றைத் தருகிறார். கண்ணுக்குத் தெரியும் நோயைக் கொண்டு ஊரின் தொற்றை அளப்பது அதனால் தவறான கணக்கையே தரும். இரவு ரத்தமும் முழு விடை தருவதில்லை. ஒரு துளியில் அகப்படாத புழு உடலில் இருக்கலாம். முதிர்ந்த புழு வெளியிடும் எதிர்ச்செனி, அதாவது உடலின் நோயெதிர்ப்பு மண்டலம் அயலானதென்று இனங்காணும் பொருள், இரவு பகல் பாராமல் ரத்தத்தில் கலந்திருப்பதைப் பயன்படுத்தி 1990களில் உருவான அட்டைச் சோதனை இவ்விரு தடைகளையும் கடந்தது. சில நிமிடங்களில் அட்டையில் கோடு தோன்றுவதால் பகலில் பள்ளிக்கூடத்திலேயே குழந்தைகளைச் சோதிக்க முடிந்தது. உலகளாவிய ஒழிப்புத் திட்டம் 2000இல் தொடங்கியபோது அதன் அளவுகோலாகவும் இதுவே அமைந்தது.

எனினும் சிகிச்சைக்குப் பின்னும் எதிர்ச்செனி நீண்டகாலம் ரத்தத்தில் நீடிக்கக்கூடும். நடு ஆப்பிரிக்காவில் லோவா லோவா என்னும் வேறொரு புழு மிகுதியாக இருப்பவரிடமும் அட்டையில் கோடு தோன்றிவிடுகிறது. புரூகியாவையோ இச்சோதனை காட்டுவதே இல்லை. அதற்கு, உடல் உருவாக்கும் எதிர்ப்பொருளைத் தேடும் வேறு அட்டை வேண்டும். 2016இல் யானைக்கால் நோய் பொதுச் சுகாதாரச் சிக்கலாக இல்லாமற்போனதென உலக சுகாதார நிறுவனத்தால் ஏற்கப்பட்ட இலங்கையில், பல பத்தாண்டுகள் தென்படாதிருந்த புரூகியா இந்நூற்றாண்டில் மீண்டும் தலைகாட்டியுள்ளது. அங்கு ஃபைலேரியா தடுப்பு இயக்கத்தின் பணியாளர்கள் இன்றும் இரவில் ரத்தம் எடுக்கச் செல்கின்றனர்.