சிற்றின வரையறையின் வரலாறு: காலபாகஸ் பிஞ்ச் பறவைகளை முன்வைத்து

முன்னுரை

சிற்றினம் என்பது யாது, புதிய சிற்றினம் எவ்வாறு தோன்றுகிறது என்னும் வினாக்கள் ஒன்றையொன்று சார்ந்தவை. ஏற்றுக்கொண்ட வரையறையே களத்தில் எதனைக் குறித்துவைப்பது என்பதையும் தீர்மானிக்கிறது. காலபாகஸ் தீவுகளின் பிஞ்ச் பறவைகள் பற்றிய ஆய்வு வரலாற்றின்வழி இக்கருத்தைக் கட்டுரை நிறுவ முயல்கிறது.

உருவமும் இடமும்

லின்னேயஸ் 1735இல் 'சிஸ்டமா நேச்சுரே' நூலை வெளியிட்டபோது, சிற்றினங்கள் மாறாதவை எனக் கருதினார். உருவ ஒற்றுமையே வகைப்பாட்டின் அடிப்படையாயிற்று. 1835இல் காலபாகஸ் சென்ற டார்வின், தாம் சேகரித்த பிஞ்ச் பறவைகள் பலவற்றை எத்தீவில் பெற்றார் எனக் குறிக்கவில்லை. 1837இல் லண்டனில் அவற்றை ஆராய்ந்த ஜான் கூல்டு, அலகால் வேறுபட்டாலும் அவை ஒரே குழுவைச் சார்ந்த பல சிற்றினங்கள் என அறிவித்தார். அதன்பின், உடன் பயணித்தோரின் சேகரிப்புகளைக் கொண்டே தீவு விவரங்களை டார்வின் திரட்ட நேர்ந்தது. 1859இல் வெளியான தம் நூலில், சிற்றினத்திற்கும் அதன் உள்வகைக்கும் இடையே திட்டவட்டமான எல்லை இல்லை என்றார்.

தனிமைப்பாடு

எர்ன்ஸ்ட் மேயர் 1942இல் புதிய எல்லையை வகுத்தார்: தம்முள் இனக்கலப்புச் செய்யக்கூடியனவும், பிற குழுக்களிலிருந்து இனப்பெருக்கத்தால் தனிமைப்பட்டனவுமான இயற்கை உயிரித்தொகைகளே சிற்றினம். புவியியல் பிரிவே இத்தனிமைப்பாட்டின் தலையாய காரணம் என்றும் வாதிட்டார். பிஞ்ச் பறவைகள் தீவுகளில் பிரிந்து வேறுபட்டன என்னும் விளக்கத்தை டேவிட் லாக் 1947இல் விரிவாக முன்வைத்தார்.

1973 முதல் டாப்னே மேஜர் தீவில் பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் இணையர் எப்பறவை எதனோடு இணைந்தது என்பதையே பதிவுசெய்தனர். 1981இல் நூறு கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள எஸ்பனோலாத் தீவின் ஆண் பறவையொன்று அங்கு வந்து, உள்ளூர்ப் பெண் பறவையோடு இணைந்தது. அதன் வழித்தோன்றல்கள் பாடலாலும் அலகாலும் உள்ளூர்ப் பறவைகளினின்று வேறுபட்டன. சில தலைமுறைகளுக்குள் தமக்குள்ளேயே இணையலாயின. 2018ஆம் ஆண்டு வெளியான மரபணுத்தொகுதி ஆய்வு இவ்வழிமரபை உறுதிசெய்தது.

முடிவுரை

மேயரின் வரையறையில் கலப்பின்மையே சிற்றினத்தின் அரண். டாப்னேயிலோ கலப்பே புதிய அரணைத் தோற்றுவித்தது. எனினும், இனப்பெருக்கத் தனிமைப்பாட்டை மேயர் மையப்படுத்தியிராவிடில், இணைகளின் பதிவேட்டிற்கு இத்துணை முதன்மை கிடைத்திராது. வரையறை பதிவை வழிநடத்துகிறது. பதிவு வரையறையைத் திருத்துகிறது. டார்வின் எழுதாமல் விட்ட தீவுப் பெயர்கள் இதன் தொடக்கச் சான்றாகும்.