குடந்தைக் கல்லூரித் தமிழாசிரியர் இருவர்

ஆங்கில அரசு நிறுவிய கல்லூரிகளிலே தமிழ் கற்பித்தற்கு ஆசிரியர் வேண்டப்பட்ட காலத்து, அவர்களைப் பயிற்றித் தரும் பள்ளி வேறு இருந்ததின்று. சைவ மடங்களே அதற்கு நாற்றங்கால் ஆயின. கும்பகோணம் கல்லூரி இதற்குத் தக்க சான்றாம்.

திருவாவடுதுறை யாதீன வித்துவான் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களின் மாணாக்கர் பூவாளூர்த் தியாகராச செட்டியார். இலக்கணத்தில் வன்மையும் எவர்க்கும் அஞ்சாது பேசும் இயல்பும் உடையவர். அக்கல்லூரியில் தமிழ்ப் பண்டிதராய் அமர்ந்து பல்லாண்டு கற்பித்தார். 1880-ஆம் ஆண்டு ஓய்வு பெறுங்கால், தம் இடத்திற்கு உரியார் யாரென நாடி, தம் ஆசிரியரிடமே பாடங்கேட்ட உ. வே. சாமிநாதையரைத் தேர்ந்தார். பிள்ளையவர்கள் 1876-இல் சிவபதம் எய்திய பின்னர் ஐயர் சுப்பிரமணிய தேசிகரவர்களிடம் கற்றும் மடத்து மாணாக்கர்க்குக் கற்பித்தும் வந்தனர். அவரை விடுக்கத் தேசிகருக்கு முதலில் மனம் இசையவில்லை. செட்டியாரது வற்புறுத்தலால் இசைந்தனர். மடத்திற்கு அஃது இழப்பென்பதில் ஐயமில்லை, தமிழுக்கோ பேறாயிற்று.

மடத்திற் பாடங் கேட்டலாவது, உணவும் உறையுளும் பெற்று, ஒரு நூலை முதலிலிருந்து முடிவுவரை ஆசிரியர் வாய்க்கேட்டு நெட்டுருச் செய்தல். கல்லூரியிலோ பரீட்சைக்கு வகுத்த பகுதியே பாடம். மணி அடித்தால் பாடமும் நிற்கும். முன்னதிலே ஊறியவர் பின்னதில் அமர்ந்தமையால் அவ்வகுப்பு வெறும் பரீட்சைப் பயிற்சியாய்ச் சுருங்கவில்லை. ஆங்கிலப் பேராசிரியர்க்குள்ள ஊதியமும் மதிப்பும் அந்நாளிற் பண்டிதர்க்கு இல்லை. அக்குறை வேறு.

அவ்வாண்டு அக்டோபரிலே, குடந்தைக்கு முன்சீபாய் வந்திருந்த சேலம் இராமசாமி முதலியார் ஐயரை வினாவினார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், தலபுராணம் எனத் தாம் கற்றவற்றை ஐயர் அடுக்க, முதலியார் வியந்தாரில்லை. சீவக சிந்தாமணி கற்றதுண்டோ என்றார். மடத்துக் கல்வியின் ஆழம் பெரிது. அதன் எல்லையும் அன்று புலப்பட்டது. இதனை மறைத்தல் நேர்மையன்று.

ஐயர் நாணி ஒதுங்கவில்லை. ஏடுகள் தேடினார். குடந்தையிலிருந்த சைனரிடம் சென்று அவர் சமயப் பொருள்களைக் கேட்டுத் தெளிந்தார். சைவ மடத்தில் வளர்ந்தவர் அமண் காப்பியத்திற் பொழுது போக்குதல் தகுமோ என முகஞ்சுளித்தல் சைவர்க்கு எளிது. ஆயின் அந்நூற்கு உரை கண்ட நச்சினார்க்கினியர் சைனரல்லர் என்பதை நினைதல் வேண்டும். திருவாவடுதுறை மடமும் தன் ஏட்டை ஒளிக்காது அளித்தது. 1887-இல் சிந்தாமணி உரையுடன் வெளிவந்தது. பத்துப்பாட்டு 1889-இலும், சிலப்பதிகாரம் 1892-இலும், புறநானூறு 1894-இலும், மணிமேகலை 1898-இலும் தொடர்ந்தன. இவையெல்லாம் ஐயர் குடந்தை வகுப்பு நடத்திய ஆண்டுகளிலேயே முடிந்தவை.

செட்டியார் 1888-இல் மறைந்தார். தாம் தேர்ந்தெடுத்தவர் பதிப்பித்த சிந்தாமணியைக் காணும் அளவிற்கு வாழ்நாள் பெற்றிருந்தனர். ஐயர் 1903-இற் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றப்பட்டு, 1919 வரை ஆங்குக் கற்பித்தார்.