காலண்டர் சாமி பிறந்த கதை

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற வழியில் எந்த ஊரில் இறங்கி எந்த வீட்டுக்குள் எட்டிப் பார்த்தாலும், நடுவீட்டுச் சுவரில் சாமி படம் இருக்கும். கண்ணாடிச் சட்டம் போட்டவை ஒன்றிரண்டு. மற்றவை மேலும் கீழும் தகரப் பட்டை வைத்த காலண்டர்கள். வருஷம் முடிந்தும் கழற்ற மனம் வராமல் ஆணியிலேயே விட்டுவைத்தவை. லட்சுமி தாமரையில் நிற்பாள். முருகன் மயிலோடு சிரிப்பான். யாராக இருந்தாலும் வட்ட முகம், நேரே நம்மைப் பார்க்கிற கண், பின்னால் நீலமலை, அதன் அடியில் தளும்புகிற ஏரி. குடத்தோடு பெண்கள் மைல்கணக்கில் நடந்த சீமையில், சாமிக்குப் பின்னால் மட்டும் தண்ணீருக்குப் பஞ்சமே வந்ததில்லை.

இந்தச் சாயலைத் தமிழ்நாட்டுச் சுவர்களில் நிலைக்கவைத்தவர் என்று ஒருவரைச் சொல்லச் சொன்னால், கோவில்பட்டி சி. கொண்டையராஜுவைத்தான் சொல்ல வேண்டும். ஆனால் அவரிடம் போவதற்கு முன் மழை பெய்யாத கதையைச் சொல்லியாக வேண்டும்.

கரிசலில் பருத்தியும் கம்பும் மானத்தை நம்பித்தான். மானம் கைவிட்டால் சனங்களுக்குப் பிழைப்பு இல்லை. 1922-ல் சிவகாசியிலிருந்து அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரண்டு இளைஞர்கள் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் படித்து வந்தார்கள். ஈரமில்லாத காற்று மருந்துக் குச்சிக்கு நல்லது. அதே காற்று பட்டாசுக்கும் நல்லதாயிற்று. தீப்பெட்டி என்றால் மேலே ஒட்ட லேபிள் வேண்டும். வண்ண லேபிளை வெளியூரில் அடித்து வாங்கிக் கட்டுப்படியாகாது என்று அச்சு எந்திரங்கள் ஊருக்கே வந்தன.

அங்கேயும் வறட்சி கை கொடுத்தது. கல்லச்சில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிக் கல். ஓவியத்தைப் பார்த்து, இந்த இடத்தில் மஞ்சள் எவ்வளவு, சிவப்பு எவ்வளவு என்று பிரித்துப் புள்ளி புள்ளியாகக் கையால் வைப்பதற்கென்றே ஆள் இருப்பார். ஒரே தாள் பல முறை எந்திரத்துக்குள் போய் வரும். நடுவில் காற்றின் ஈரத்தைக் குடித்துத் தாள் கொஞ்சம் விரிந்தாலும் போதும், முருகன் கண் கன்னத்துக்கு இறங்கிவிடும். சிவகாசிக் காற்றில் தாள் அப்படியே நின்றது. வெயிலைச் சபிக்கிற ஊரில் வெயிலால் பிழைத்த தொழில்கள் இவை.

இனி ஓவியர். கொண்டையராஜு 1898-ல் மயிலாப்பூரில் பிறந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். 1850-ல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய பள்ளி அது. நிழல் விழுவது, தூரம் தெரிவது, உடம்பின் திரட்சி எல்லாம் ஐரோப்பிய முறையில் கற்றுத் தரப்பட்ட இடம். படிப்பு முடிந்தும் அவர் உத்தியோகம் தேடி அலைந்ததாகத் தெரியவில்லை. திருவண்ணாமலை ரமணாசிரமத்துக்குப் போய்த் தங்கினார். கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ரமணர் திருச்சுழிக்காரர். 1879-ல் அங்கே வக்கீல் சுந்தரமய்யர் வீட்டில் பிறந்து, 1896-ல் மதுரையை விட்டுக் கிளம்பியவர், பிறகு தெற்கே திரும்பவே இல்லை. அவர் திரும்பி வராத வறண்ட சீமைக்கு, அவர் காலடியில் இருந்த ஓவியர் வந்து சேர்ந்தார் என்பது எனக்குப் பிடித்த கணக்கு.

வந்தது நாடகக் கம்பெனியோடு. அரண்மனை, நந்தவனம், காடு, சுடுகாடு என்று திரைச்சீலை எழுதுகிற வேலை. இருபதடி உயரத்துக்குச் சீலையை விரித்து, கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் தெரிகிற மாதிரி எழுத வேண்டும். 1942 வாக்கில் கோவில்பட்டியில் கம்பெனி கலைந்தது. சினிமா வந்து நாடகத்தின் வயிற்றில் அடித்த காலம். ராஜு அங்கேயே தங்கிவிட்டார். டி.எஸ். சுப்பையா, மு. ராமலிங்கம் போன்ற சீடர்கள் அவரைச் சுற்றி வளர்ந்தார்கள். தேவி ஆர்ட் ஸ்டுடியோ உருவாயிற்று.

ஓவியக் கலை எழுத்தாளர்கள் இந்தப் படங்களை ரவிவர்மாவின் வழிவந்தவை என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். பாதிதான் சரி. 1894-ல் பம்பாயில் அச்சகம் தொடங்கிய ரவிவர்மாவின் லட்சுமியைப் பார்த்தால் ஒரு சீமாட்டி நினைவுக்கு வருவாள். அவள் தன் யோசனையில் இருப்பாள். ராஜுவின் லட்சுமி நம்மை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டாள். உடல் திரட்சி ஓவியப் பள்ளி கொடுத்தது. அடுக்கடுக்கான நகையும் நேர்நோக்கும் கோயில் உற்சவர் அலங்காரத்திலிருந்து வந்தவை. பின்னாலிருக்கும் மலையும் ஏரியும் நாடகச் சீலை. கலைந்த கம்பெனியின் ஸீன்தான் சுருங்கிக் காலண்டருக்குள் போயிற்று என்பேன்.

சாமி நேரே நம்மைப் பார்க்கிற அந்தப் பார்வைக்கு இந்தச் சீமையில் ஏன் இவ்வளவு மரியாதை? திருச்சுழிக்குப் பக்கத்துக் கமுதியில் 1897-ல் நாடார்கள் மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நுழைந்ததற்காக அவர்கள் மேல் வழக்குப் போடப்பட்டது. லண்டன் பிரிவி கவுன்சில்வரை போய் 1908-ல் அவர்களுக்கு எதிராகவே தீர்ப்பானது. 1899-ல் சிவகாசியில் நடந்த கலவரம் இன்றும் ‘சிவகாசிக் கொள்ளை’ என்றே பேசப்படுகிறது. மதுரை மீனாட்சி கோயில் கதவு ஒடுக்கப்பட்டவர்களுக்கும் நாடார்களுக்கும் திறந்தது 1939-ல்தான். கருவறைக்கு எட்டத்தில் நிறுத்தப்பட்டவர்களின் ஊரிலேயே, அதற்குப் பிறகு மீனாட்சி கல்யாணம் கட்டுக்கட்டாக அச்சாகி வெளியேறியது. தீட்டுப் பார்க்காமல், யார் வீட்டு ஆணியிலும் அம்மன் வந்து நின்றாள். அச்சகக்காரர்கள் புரட்சி என்று நினைத்துச் செய்யவில்லை. வியாபாரம்தான் செய்தார்கள். விளைவு என்னவோ புரட்சிதான்.

வியாபாரத்தின் சூட்சுமமும் எளிது. படத்துக்குக் கீழே இடம் காலியாக விடப்படும். ஜவுளிக்கடை, நகைக்கடை, உரக்கடை என்று யார் ஆர்டர் கொடுக்கிறார்களோ அவர்கள் பெயர் அங்கே ஏறும். வருஷக் கடைசியில் முதலாளி காலண்டரைச் சுருட்டி வாடிக்கைக்காரர் கையில் கொடுப்பார். சாமியைக் கிழித்துக் குப்பையில் போட யாருக்குத் துணிவு வரும்? அதனால் கடைப் பெயரும் சுவரிலேயே இருக்கும். நடிகை படம் போட்ட காலண்டருக்கு இந்த ஆயுசு கிடையாது. பிள்ளையார் சுழி போட்டுக் கணக்கு எழுதுகிற கடைக்காரருக்கு லட்சுமி படம் கொடுப்பதில் புண்ணியமும் விளம்பரமும் ஒரே செலவில் முடிந்தன.

ஓவியருக்குக் கிடைத்தது ஒரு தடவைக் கூலி. படம் அச்சகத்தின் சொத்து. அது எத்தனை பதிப்புப் போனாலும், பக்கத்து அச்சகத்து ஆர்ட்டிஸ்ட் நகையையும் புடவை நிறத்தையும் மாற்றிப் புதுப்படமாக்கினாலும், கேட்க ஆள் இல்லை. அதே சென்னைப் பள்ளியிலிருந்து வந்தவர்கள் 1966-ல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைக் கண்டார்கள். அவர்கள் பெயர் கலை வரலாற்றில் ஏறிற்று. 1976-ல் ராஜு மறைந்தபோது அவர் படம் இல்லாத தெருவைத் தென்தமிழ்நாட்டில் காண்பது கஷ்டம். படத்தின் கீழே இருந்த கடையின் பெயர் எல்லோருக்கும் தெரியும். மூலையில் பொடி எழுத்தில் இருந்த கையெழுத்தை யாரும் படித்ததில்லை.

இப்போது ஆஃப்செட்டும் கம்ப்யூட்டரும் வந்துவிட்டன. புள்ளி வைக்கிற ஆள் இல்லை. ஆடிப் பதினெட்டு அன்று பூசை போட்டு அடுத்த வருஷ ஆல்பத்தை வெளியிடுகிற வழக்கம் சிவகாசியில் நிற்கவில்லை. அருப்புக்கோட்டைக் கடைக்காரர் அந்த ஆல்பத்தைப் புரட்டி, எந்த சாமி, எத்தனை நூறு, தேதித்தாள் எந்த சைஸ் என்று ஏஜெண்டிடம் சொல்லிவிடுகிறார். மலையும் ஏரியும் இருக்கிற படமா என்று மட்டும் ஒரு பார்வை பார்த்துக்கொள்கிறார்.