ஒரே டிசம்பரில் இரண்டு சட்டங்கள்

வைட்ஃபீல்ட் என்றதும் இன்று நினைவுக்கு வருவது ஐ.டி. பூங்காவும், ஹோப் ஃபார்ம் சந்திப்பில் நகராமல் நிற்கும் வண்டிகளும்தான். அந்த நெரிசலிலிருந்து சற்று விலகினால் ‘இன்னர் சர்க்கிள்’ என்ற வட்டத் தெரு வரும். ஓட்டுக்கூரை போட்ட பழைய பங்களாக்கள் ஒன்றிரண்டு அங்கே இன்னும் தப்பிப் பிழைத்திருக்கின்றன. மைசூர் மகாராஜா சாமராஜேந்திர உடையார் 1882-ல் இங்கே 3,900 ஏக்கர் நிலத்தை யூரேஷியர் – ஆங்கிலோ இந்தியர் சங்கத்துக்குக் கொடுத்தார். சங்கத்தை முன்னின்று நடத்திய டி.எஸ்.ஒயிட்டின் பெயரே ஊருக்கும் நிலைத்தது. அரசு உத்தியோகத்தை நம்பி ஊர் ஊராகச் சிதறிக் கிடந்த ஒரு சமூகம் சொந்த மண்ணில் உழுது பிழைக்கட்டும் என்பது அவர் கனவு.

நிலம் கிடைத்தும் சிதறல் தீரவில்லை. நாடு விடுதலை பெற்றபோது, எந்தத் தொகுதியிலும் ஆங்கிலோ இந்தியர் தங்கள் வாக்கை மட்டும் வைத்து ஜெயிக்க முடியாது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அச்சமூகத்தின் தலைவர் ஃபிராங்க் ஆந்தனி அரசியல் நிர்ணய சபையில் விடாமல் வாதாடினார். அதன் பலன்தான் அரசியல் சட்டத்தின் 331-வது பிரிவு. போதிய பிரதிநிதித்துவம் இல்லையென்று கருதினால் குடியரசுத் தலைவரே அச்சமூகத்தார் இருவரை மக்களவைக்கு நியமிக்கலாம் என்றது அது. பத்தாண்டுக்கு என்று தொடங்கிய ஏற்பாடு, நீட்டி நீட்டி எழுபது ஆண்டு ஓடியது. கடைசியாக அமர்ந்தவர்கள் ஜார்ஜ் பேக்கரும் ரிச்சர்ட் ஹேயும்.

இந்தத் தொடரில் திருநங்கையர், திருநம்பியர் பற்றி எழுத வந்தவன் ஆங்கிலோ இந்தியர் கதையை ஏன் அளக்கிறேன் என்று கேட்கலாம். காரணம் 2019 டிசம்பரில் இருக்கிறது.

அந்த மாதம் 5-ம் தேதி, மாற்றுப்பாலினத்தவர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். ஆலோசனை சொல்ல ஒரு தேசிய கவுன்சில் உண்டு. சட்டமன்றத்திலோ நாடாளுமன்றத்திலோ இடம் பற்றி அதில் ஒரு வரி கிடையாது. ஐந்தே நாள் கழித்து, 10-ம் தேதி, மக்களவையில் இன்னொரு மசோதா நிறைவேறியது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் தனித்தொகுதிகளை அது நீட்டித்தது. ஆங்கிலோ இந்தியர் நியமனத்தை நீட்டிக்காமல் விட்டது. 2011 கணக்கெடுப்பின்படி அவர்கள் நாடு முழுக்க 296 பேர்தான் என்றார் சட்ட அமைச்சர் ரவிசங்கர் பிரசாத். அந்தக் கணக்கை அச்சமூகத்தார் ஏற்கவே இல்லை, நானும் நம்பவில்லை. அது கிடக்கட்டும். அதே கணக்கெடுப்பில் ஆண், பெண் அல்லாத ‘பிறர்’ என்று பதிவானவர்கள் 4,87,803 பேர். தலைகளை எண்ணித்தான் ஒரு வாசலை மூடினோம் என்றால், அதே எண்ணிக்கையை வைத்து இன்னொன்றைத் திறந்திருக்கலாமே!

2024 மக்களவைத் தேர்தலில் மூன்றாம் பாலினமாகப் பட்டியலில் இருந்த வாக்காளர்கள் இந்தியா முழுக்க 48,044. வைட்ஃபீல்ட் அடங்கிய பெங்களூரு மத்தியத் தொகுதியில் மட்டும் சுமார் 24 லட்சம் வாக்காளர்கள். காஷ்மீர் முதல் குமரி வரை உள்ள அத்தனை பேரையும் இங்கே குடியேற்றினாலும் நூற்றுக்கு இரண்டு பேர்தான் தேறுவார்கள். இதில் ஒரு வேடிக்கை: அந்தத் தேர்தலில் பி.சி.மோகன் இங்கே ஜெயித்த வித்தியாசம் 32,707. யாரை ஜெயிக்க வைப்பது என்பதை அவர்கள் தீர்மானித்திருக்கலாம். தாங்களே ஜெயித்திருக்க முடியாது.

வார்டு சின்னதாக இருந்தால் கதை வேறு. 2022-ல் வேலூர் மாநகராட்சியின் 37-வது வார்டில் தி.மு.க.வின் திருநங்கை வேட்பாளர் கங்கா நாயக் வென்றார். அதற்கு வெகுகாலம் முன்பே, 2000-ல், மத்தியப் பிரதேசத்தின் சோஹாக்பூரில் சுயேச்சையாக நின்ற ஷப்னம் மௌசி சட்டமன்றத்துக்கே போய்விட்டார். ஆனால் அதே மாநிலத்தின் கட்னியில் மேயராக வென்ற கமலா ஜானுக்கு நடந்ததைப் பாருங்கள். பெண்களுக்கு ஒதுக்கிய பதவி அது. ஓட்டுப் போட்ட ஊருக்கு ஆட்சேபம் இல்லை. நீதிமன்றம்தான் அவரை ஆண் என்று சொல்லிப் பதவியைப் பறித்தது. 2003-ல் உயர் நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. பாலினத்தைத் தீர்மானிப்பது அவரவர் உரிமை என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 2014 ஏப்ரல் 15 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அந்தத் தீர்ப்பின் பலத்தில்தான் 2021 ஜனவரியில், ஜல்காவ் மாவட்டத்து ஊராட்சித் தேர்தலில் பெண்கள் வார்டில் நிற்க அஞ்சலி பாட்டீலுக்கு மும்பை உயர் நீதிமன்றம் அனுமதி தந்தது. நின்றார், வென்றார். நாடாளுமன்றத்தில் மகளிருக்கு மூன்றில் ஒரு பங்கு என்ற 2023-ம் ஆண்டுத் திருத்தம் நடைமுறைக்கு வரும் நாளில், கட்னி வழக்கு டெல்லியில் மறுபடி தலைதூக்காது என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

நாடாளுமன்றத்தில் இவர்களில் ஒருவர் உட்கார்ந்தால் என்ன ஆகிவிடும்? நியூஸிலாந்தைக் கேட்க வேண்டும். உலகிலேயே வெளிப்படையாகத் திருநங்கையாக நாடாளுமன்றம் சென்ற முதல் உறுப்பினர் ஜார்ஜினா பேயர், மாவோரி இனத்தவர். வைராராப்பா என்ற, பழைமைப் பிடிப்புள்ள கிராமப்புறத் தொகுதி 1999-ல் அவரை அனுப்பியது. ஒருகாலத்தில் பாலியல் தொழில் செய்தவர். அத்தொழிலைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கும் மசோதா 2003-ல் வந்தபோது, தான் பட்டதையே சபையில் எழுந்து பேசினார். மசோதாவுக்கு ஆதரவு 60, எதிர்ப்பு 59. அந்த அறுபதில் ஒன்று அவருடையது.

நமக்குப் புதிதாக எதையும் கண்டுபிடிக்கத் தேவையில்லை. 331 போனாலும் 80-வது பிரிவு அப்படியே இருக்கிறது. இலக்கியம், அறிவியல், கலை, சமூக சேவை ஆகிய துறைகளிலிருந்து 12 பேரைக் குடியரசுத் தலைவர் மாநிலங்களவைக்கு நியமிக்கலாம். 2021 நவம்பரில் கர்நாடகத்தின் ஜோகதி நடனக் கலைஞரான திருநங்கை மஞ்சம்மா பத்மஸ்ரீ வாங்கச் சென்றார். மேடையில் முந்தானையால் அப்போதைய குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்துக்குத் திருஷ்டி கழித்துவிட்டுத்தான் விருதைக் கையில் வாங்கினார். அரங்கமே கைதட்டியது. கலைக்காக விருது கொடுக்கத் தகுதியானவர் என்றால், அதே கலைக்காக மாநிலங்களவையில் உட்காரவும் தகுதியானவர்தானே? அரசியல் சட்டத் திருத்தம் வேண்டாம், மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டாம். மத்திய அரசு ஒரு பெயரைப் பரிந்துரைத்தால் போதும். 1952 முதல் எத்தனையோ பேர் அந்த 12 இடங்களில் வந்து போயிருக்கிறார்கள். ஒரு திருநங்கையோ திருநம்பியோ அதில் இல்லை. அடுத்து காலியாகும் இடத்திலாவது அந்தப் பெயர் வரட்டும்.