காஃபீனும் களைப்பும்: உடற்பயிற்சி உடலியங்கியலில் ஒரு விளக்கத்தின் வரலாறு (1907–2017)

ஆய்வுச் சுருக்கம்

காஃபீன் உடலுழைப்புத் திறனை உயர்த்துகிறது என்னும் முடிவு ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நிலைத்து நிற்கிறது. அவ்வுயர்வுக்குக் கூறப்பட்ட காரணமோ காலந்தோறும் மாறி வந்துள்ளது. 1907இல் வெளியான ரிவர்ஸ், வெபர் ஆகியோரின் சோதனையில் தொடங்கி, 1978ஆம் ஆண்டின் கொழுப்பு எரிப்புக் கருதுகோள், அதன் தளர்ச்சி, அடினோசின் ஏற்பி விளக்கம், எதிர்பார்ப்பு குறித்த அண்மை ஆய்வுகள் வரையிலான போக்கை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது. விளைவையும் விளக்கத்தையும் பிரித்து அறிவது விளையாட்டு அறிவியலைக் கற்பிப்போருக்கும் பயிற்றுவிப்போருக்கும் இன்றியமையாதது என்பது இக்கட்டுரையின் துணிபு.

திறவுச்சொற்கள்: காஃபீன், களைப்பு, தாங்குதிறன், கிளைகோஜன், அடினோசின், மருந்துப்போலி, ஊக்கமருந்து விதி

முன்னுரை

டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் என்னும் பெயரைத் தமிழக ஆய்வாளர்கள் பெரும்பாலும் நீலகிரித் தோடர்களோடு தொடர்புபடுத்தியே அறிவர். அவர் 1901–02இல் நீலகிரியில் களப்பணி செய்து, தோடர் குறித்த பெருநூலை 1906இல் வெளியிட்டார். அதே ஆண்டில் இலண்டன் அரச மருத்துவர் கல்லூரியில் குரூனியன் சொற்பொழிவுகளையும் ஆற்றினார். அவற்றின் பொருள் மதுவும் பிற மருந்துப் பொருள்களும் களைப்பின்மேல் செலுத்தும் தாக்கம் ஆகும். மானிடவியலாளராக நாம் அறிந்த ஒருவர் உடற்பயிற்சி உடலியங்கியலின் தொடக்கக் கால முன்னோடிகளுள் ஒருவராகவும் விளங்கியமை பரவலாகப் பேசப்படுவதில்லை. காஃபீன் ஆய்வின் வரலாற்றை அவரிடமிருந்து தொடங்குவதற்கு இதனினும் வலுவான காரணம் ஒன்று உண்டு. அவர் எழுப்பிய முறையியல் வினா நூறாண்டுகள் கழித்தும் இத்துறையை விட்டு அகலவில்லை.

1. விரலும் எடையும்

இத்தாலியின் தூரின் நகரைச் சேர்ந்த உடலியங்கியலாளர் அஞ்செலோ மோசோ பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் களைப்பை அளக்க ஒரு கருவியை வடிவமைத்தார். கையை அசையாது கட்டி, நடுவிரலால் மட்டும் ஓர் எடையைச் சீரான கால இடைவெளியில் இழுக்கச் செய்வது அதன் இயல்பு. ஒவ்வோர் இழுப்பின் உயரமும் சுழலும் உருளையில் கோடாகப் பதியும். கோடுகள் குறுகிக்கொண்டே வந்து மறையும் இடம் களைப்பின் எல்லையாகக் கொள்ளப்பட்டது.

ரிவர்ஸும் எச். என். வெபரும் இவ்வகைக் கருவியைக் கொண்டு காஃபீனை ஆராய்ந்து, 1907இல் முடிவுகளை வெளியிட்டனர். சோதனைக்கு உட்பட்டவர்கள் அவ்விருவரே. காஃபீன் தசையின் வேலைத்திறனை உயர்த்துகிறது என்பது அவர்கள் கண்ட முடிவு. அம்முடிவைக் காட்டிலும் அதனை அடைந்த வழி குறிப்பிடத்தக்கது. ஒரு பொருளை உட்கொண்டோம் என்னும் அறிவும், சோதனையின்மீது உள்ள ஆர்வமுமே கோடுகளை உயர்த்திவிடக்கூடும் என ரிவர்ஸ் ஐயுற்றார். எனவே, காஃபீன் கலந்த கலவையும் கலவாத கலவையும் சுவையால் பிரித்தறிய இயலாதவாறு அமைக்கப்பட்டன. எந்நாளில் எது வழங்கப்பட்டது என்பது அருந்துபவருக்கு மறைக்கப்பட்டது. பிற்காலத்தில் மறைப்புமுறை எனப் பெயர்பெற்ற உத்தியின் தெளிவான தொடக்க வடிவங்களுள் இஃது ஒன்று.

இம்முறை அடுத்த சில ஆண்டுகளில் மேலும் செம்மையுற்றது. 1911இல் அமெரிக்காவின் சாட்டனூகா நகரில் கோகோ-கோலா பானத்தின் காஃபீன் தொடர்பான வழக்கு நடைபெற்றது. அவ்வழக்கிற்கென நிறுவனத்தின் பொருளுதவியுடன் உளவியலாளர் ஹாரி ஹாலிங்வொர்த் ஓர் ஆய்வை மேற்கொண்டார். முடிவு எதுவாயினும் வெளியிடும் உரிமை தமக்கு வேண்டும், விளம்பரத்திற்கு அது பயன்படலாகாது என்பன அவர் விதித்த நிபந்தனைகள். அன்றாடச் சோதனைகளை அவர் மனைவி லீட்டா ஹாலிங்வொர்த் மேற்பார்வையிட்டார். பங்கேற்ற 16 பேரும், அவர்களை அளந்தவர்களும் எக்குளிகையில் காஃபீன் உள்ளது என்பதை அறியாதவாறு ஆய்வு அமைந்தது. ஆக, காஃபீன் ஆய்வு தொடக்கத்திலேயே இருபுற மறைப்பை எட்டிவிட்டது எனலாம்.

2. கொழுப்பு எரிப்புக் கருதுகோள்

காஃபீன் ஏன் திறனை உயர்த்துகிறது என்னும் வினாவிற்கு உயிர்வேதியியல் நோக்கில் விடைதேட வாய்ப்பளித்தது சுவீடனில் உருவான ஒரு நுட்பமாகும். யோனாஸ் பெர்க்ஸ்ட்ரோம் 1962இல் அறிமுகப்படுத்திய ஊசி, இயங்கும் மனிதரின் தசையிலிருந்து சிறு துணுக்கை எடுத்து ஆராய வழிசெய்தது. தசையிலுள்ள கிளைகோஜன் என்னும் மாவுப்பொருள் சேமிப்பு மிகுந்திருந்தால் நீண்டநேரம் உழைக்க இயலும் என்பதை 1967இல் அவரும் அவருடைய குழுவினரும் நிறுவினர். இதன்பின், தாங்குதிறனை உயர்த்தும் எப்பொருளும் கிளைகோஜனைச் சேமிப்பதாலேயே உயர்த்துகிறது என்று எண்ணுவது இயல்பாயிற்று.

அமெரிக்காவின் பால் மாநிலப் பல்கலைக்கழகத்தில் டேவிட் காஸ்டில் குழுவினர் 1978இல் வெளியிட்ட ஆய்வு இச்சூழலில் எழுந்தது. போட்டிப் பயிற்சி பெற்ற 9 மிதிவண்டி வீரர்கள் அதில் பங்கேற்றனர். அவர்களுள் இருவர் பெண்கள். 330 மில்லிகிராம் காஃபீன் கொண்ட காப்பியை அருந்தி ஒரு மணிநேரம் கழித்து, தம் உச்ச ஆக்சிசன் நுகர்வின் 80 விழுக்காட்டு அளவில் களைத்து ஓயும்வரை மிதித்தனர். காஃபீன் நீக்கிய காப்பி அருந்தியபோது சராசரியாக 75.5 நிமிடம் மிதித்தவர்கள், காஃபீனுடன் 90.2 நிமிடம் மிதித்தனர். கொழுப்பு எரிப்பு உயர்ந்திருந்தமை மூச்சுக்காற்று அளவீட்டில் புலப்பட்டது. காஃபீன் கொழுப்பு அமிலங்களை இரத்தத்தில் மிகுவிக்கிறது. தசை அவற்றை எரிக்கிறது. கிளைகோஜன் மிச்சமாகிறது என்னும் சங்கிலி இவ்வாறு உருவாயிற்று. 1980இல் அதே ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த தசைத்துணுக்கு ஆய்வும் இதற்கு வலுவூட்டியது.

எளிமையும் முழுமையும் கொண்ட விளக்கம் இது. வகுப்பறையில் மூன்று அம்புக்குறிகளால் வரைந்து காட்டிவிடலாம். அதன் செல்வாக்கிற்கு இவ்வெளிமையும் ஒரு காரணம் எனக் கருத இடமுண்டு.

3. கருதுகோளின் தளர்ச்சி

இவ்விளக்கத்தை அசைத்தவர்கள் அதன் எதிர்ப்பாளர்கள் அல்லர். கனடாவின் குவெல்ப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டெர்ரி கிரஹாமும் லாரன்ஸ் ஸ்பிரியட்டும் முதலில் இதற்கு ஆதரவான சான்றுகளையே கண்டனர். 1992இல் வெளியான அவர்களது ஆய்வில், காஃபீன் உட்கொண்டோர் உடற்பயிற்சியின் முதல் 15 நிமிடங்களில் குறைந்த கிளைகோஜனையே செலவிட்டனர்.

திருப்பம் 1995இல் நேர்ந்தது. உடல் எடையின் ஒரு கிலோவுக்கு 3, 6, 9 மில்லிகிராம் என மூன்று அளவுகளை அவர்கள் பயிற்சி பெற்ற ஓட்டவீரர்களிடம் ஒப்பிட்டனர். கொழுப்பு அமிலமே காரணமெனின், மிகுந்த அளவு மிகுந்த பயன் தரவேண்டும். கண்ட முடிவு நேர்மாறானது. 9 மில்லிகிராம் அளவு அட்ரினலினையும் இரத்தத்திலுள்ள வளர்சிதைப் பொருள்களையும் மிகுதியாக உயர்த்தியது. ஓட்டத்திறனுக்கோ மிகக் குறைந்த பயனே தந்தது. 3 மில்லிகிராம் அளவு இரத்தத்தில் மாற்றம் ஏதும் பெரிதாகக் காட்டவில்லை. ஆயினும் ஓட்டத்திறனை உயர்த்தியது. காரணம் எனக் கருதப்பட்டது இல்லாத இடத்தில் விளைவு இருந்தது.

2000ஆம் ஆண்டில் கிரஹாம் டென்மார்க் ஆய்வாளர்களுடன் இணைந்து, உழைக்கும் காலினுள் செல்லும் இரத்தத்தையும் அதிலிருந்து வெளிவரும் இரத்தத்தையும் நேரடியாக ஒப்பிட்டார். காஃபீன் உட்கொண்டபோது காலின் தசை கொழுப்பு அமிலங்களைக் கூடுதலாக ஏற்கவில்லை. கிளைகோஜன் செலவும் குறையவில்லை. தாம் துணைநின்ற விளக்கத்தைத் தம் அளவீட்டாலேயே கைவிட்டமை இவ்வரலாற்றின் சிறப்புமிக்க பகுதி எனலாம்.

4. தசையிலிருந்து மூளைக்கு

மாற்று விளக்கத்திற்கான அடிப்படை விளையாட்டு ஆய்வுக்கு வெளியே முன்பே உருவாகியிருந்தது. காஃபீன் சார்ந்த வேதிக்குடும்பம் மூளைத்திசுவில் அடினோசினின் செயலைத் தடுப்பதைச் சாட்டின், ரால் ஆகியோர் 1970இல் காட்டியிருந்தனர். அடினோசின் நரம்புச் செயலைத் தணித்து அயர்வூட்டும் பொருள். காஃபீன் அதன் ஏற்பிகளில் இடம்பிடித்து, அது செயற்படாமல் தடுக்கிறது.

இதனை உடலுழைப்போடு நேரடியாக இணைத்தது 2003இல் டேவிஸ் குழுவினர் எலிகளிடம் செய்த ஆய்வாகும். காஃபீனை மூளையினுள் செலுத்தியபோது எலிகள் களைக்குமுன் ஓடிய நேரம் ஏறத்தாழ 60 விழுக்காடு கூடியது. அதே அளவை வயிற்றறையில் செலுத்தியபோது பயன் விளையவில்லை. தசையின்மேல் காஃபீனுக்கு நேரடித் தாக்கம் உண்டா என்னும் விவாதம் இன்னும் முற்றுப்பெறவில்லை. எனினும், களைப்பு என்பது எரிபொருள் தீர்வது மட்டுமன்று, உணரப்படுவதும் ஆகும் என்னும் நிலைப்பாடு வலுப்பெற்றது.

5. விதியும் அறிவியலும்

பன்னாட்டு ஒலிம்பிக் குழு 1980களில் காஃபீனுக்கு வரம்பு விதித்தது. சிறுநீரில் ஒரு மில்லிலிட்டருக்கு 12 மைக்ரோகிராம் என்பது பின்னர் நிலைபெற்ற எல்லை. மிகுந்த அளவே ஆதாயம் தரும் என்னும் எண்ணத்தோடு இவ்வரம்பு ஒத்துப்போகிறது. ஆனால் கிலோவுக்கு 3 மில்லிகிராம் அளவே பயன்தரும் எனவும், அவ்வளவு இவ்வெல்லைக்கு மிகக் கீழேயே நிற்கும் எனவும் தெரியவந்தபின், வரம்பு எதனைத் தடுக்கிறது என்னும் வினா எழுந்தது. ஒரே அளவை உட்கொண்ட இருவரின் சிறுநீர் அளவீடுகள் வேறுபடுவதும் நேர்மையான தீர்ப்புக்கு இடையூறாயிற்று. 2004 சனவரி 1 முதல் உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை காஃபீனைத் தடைப்பட்டியலிலிருந்து நீக்கிக் கண்காணிப்புத் திட்டத்தில் வைத்தது.

6. மீண்டும் ரிவர்ஸின் வினா

2006இல் பீடி குழுவினர் 6 மிதிவண்டி வீரர்களுக்கு வெவ்வேறு அளவில் காஃபீன் தருவதாகக் கூறி, எல்லா முறையும் மருந்துப்போலியையே வழங்கினர். காஃபீன் பெறவில்லை என நம்பியபோது ஆற்றல் 1.4 விழுக்காடு தாழ்ந்தது, 4.5 மில்லிகிராம் என நம்பியபோது 1.3, 9 மில்லிகிராம் என நம்பியபோது 3.1 விழுக்காடு உயர்ந்தது. 2017இல் சாண்டர்ஸ் குழுவினர் வெளியிட்ட ஆய்வு, தாம் பெற்றது காஃபீன் எனச் சரியாக ஊகித்தவர்களிடம் பயன் கூடுதலாக இருந்ததைக் காட்டியது. நெஞ்சுப் படபடப்பும் விழிப்பும் காஃபீனைக் காட்டிக்கொடுத்துவிடுகின்றன. ஆதலின் சுவையை மறைத்தாலே மறைப்பு முழுமையாகிவிடாது. ரிவர்ஸ் கலவையின் சுவையைக் கட்டுப்படுத்தினார். உடல் தானே உணர்ந்து அறிவதைக் கட்டுப்படுத்தும் வழி இன்றும் கடினமானதே. இதனால் காஃபீனின் விளைவு வெறும் நம்பிக்கை என்று ஆகிவிடாது. எலிகளின் சோதனை அதற்குச் சான்று. மருந்தின் பங்கும் எதிர்பார்ப்பின் பங்கும் ஒன்றோடொன்று கலந்து நிற்கின்றன என்பதே பொருந்தும்.

முடிவுரை

இவ்வரலாற்றிலிருந்து பெறப்படுவன:

• காஃபீன் தாங்குதிறனை உயர்த்தும் என்னும் முடிவு அளவீட்டில் ஊன்றியது. கிளைகோஜன் சேமிப்பு என்னும் விளக்கம் அம்முடிவின்மேல் கட்டப்பட்ட கருதுகோள். பின்னது தளர்ந்தபோது முன்னது தளரவில்லை.

• விளக்கம் பிழைபடுவதால் நடைமுறைத் தீங்கு விளையும். கொழுப்பு அமிலத்தை உயர்த்துவதே நோக்கமெனக் கருதும் பயிற்சியாளர், பயனைக் கூட்டாது நடுக்கத்தையும் உறக்கமின்மையையும் கூட்டும் அளவைப் பரிந்துரைக்க நேரும்.

• கருதுகோளை மாற்றியது சொற்போர் அன்று. அளவை மாற்றிப் பார்த்த ஓர் எளிய ஒப்பீடும், அதன் முடிவை ஏற்ற ஆய்வாளரின் நேர்மையும் ஆகும்.

விளையாட்டு அறிவியலைத் தமிழில் எழுதுவோரும் கற்பிப்போரும் ஒரு முடிவைக் கூறும்போது, அளக்கப்பட்டது எது, ஊகிக்கப்பட்டது எது என்பதைப் பிரித்துக் கூறுதல் வேண்டும். அவ்வாறு கூறப்பட்ட பாடம், விளக்கம் மாறும் நாளிலும் மாணவரைத் தவறான வழியில் செலுத்தாது.