காலி அட்டைப்பெட்டியும் 14 ஏக்கர் கிரகமும்

1977ம் வருஷக் கிறிஸ்துமஸுக்கு அமெரிக்கக் கடைகளில் ஒரு விசித்திரமான சரக்கு விற்பனைக்கு வந்தது. அட்டையில் செய்த ஓர் உறை. பொம்மை என்று சொல்லித்தான் விற்றார்கள். ஆனால் பிரித்தால் உள்ளே பொம்மை இருக்காது. ஒரு சான்றிதழ், கொஞ்சம் ஸ்டிக்கர், பொம்மைகளை நிறுத்திவைக்க ஓர் அட்டை மேடை. அவ்வளவுதான். சான்றிதழைப் பூர்த்தி செய்து தபாலில் அனுப்பினால், நான்கு பொம்மைகள் அடுத்த வருஷம் வீடு தேடி வரும்.

சிரிக்காதீர்கள். வாங்கினார்கள்.

கென்னர் என்கிற பொம்மை கம்பெனி செய்த வேலை அது. அந்த வருஷம் மே 25ம் தேதி, மொத்தமே முப்பத்து சொச்சம் தியேட்டர்களில் 'ஸ்டார் வார்ஸ்' வெளியாகியிருந்தது. படம் இப்படிப் பேயாக ஓடும் என்று யாருமே எதிர்பார்க்கவில்லை. கென்னரும்தான். பொம்மைக்கு அச்சு செய்து, வார்த்து, வண்ணமடித்து, கடைக்கு அனுப்ப மாதக்கணக்கில் ஆகும். கிறிஸ்துமஸோ கூப்பிடு தூரத்தில். வேறு வழியில்லாமல் வாக்குறுதியை டப்பாவில் போட்டு விற்றார்கள். சொன்னபடி பொம்மைகள் வந்து சேர்ந்தன. 1978ல் மட்டும் 4 கோடிக்கு மேல் விற்றன.

ஒரு சின்னப் பிளாஸ்டிக் பொம்மைக்கு எதற்கு இத்தனை அடிதடி? அந்தக் காலத்தை யோசித்துப் பாருங்கள். வீடியோ கேசட் வீட்டுக்கு வீடு வந்திராத காலம். பிடித்த படத்தைத் திரும்பப் பார்க்கவேண்டுமென்றால் திரும்ப டிக்கெட் வாங்கவேண்டும். படத்தை வீட்டுக்கு எடுத்துவர வழியே கிடையாது. பொம்மை ஒன்றுதான் வழி. கட்டிலுக்கு அடியிலும் மாடிப்படியிலும் அந்தப் பையன்களும் பெண்களும் மிச்சக் கதையைத் தாங்களே எடுத்து முடித்தார்கள்.

இதில் காசு யாருக்குப் போனது? அங்கேதான் இருக்கிறது சூட்சுமம். டைரக்டர் ஜார்ஜ் லூகாஸ் அதற்கு முன்னால் எடுத்த படம் பெரிய வெற்றி. சம்பளத்தை ஏற்றிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஒன்றரை லட்சம் டாலர் போதும். ஆனால் அடுத்தடுத்த பாகங்களை எடுக்கும் உரிமையும் பொம்மை, சட்டை, சாப்பாட்டு டப்பா போன்றவற்றின் வியாபார உரிமையும் எனக்கு வேண்டும் என்றார். ஃபாக்ஸ் ஸ்டூடியோ சந்தோஷமாகச் சம்மதித்தது. சினிமா பொம்மையில் யார் சம்பாதித்தார்கள் அதுவரை?

பி.காம். வகுப்பில் 'குட்வில்' என்று ஒன்று சொல்லிக்கொடுப்பார்கள். நற்பெயர். கண்ணால் பார்க்கமுடியாது, கையால் தொடமுடியாது. ஆனால் கடையை விற்கும்போது அதற்கும் சேர்த்துத்தான் விலை. லூகாஸ் கையில் வைத்துக்கொண்டது அதைத்தான். எட்டு வயதுப் பிள்ளைகளின் பிரியம். 2012 அக்டோபரில் தன் கம்பெனியை வால்ட் டிஸ்னி நிறுவனத்துக்குக் கொடுப்பதாக அறிவித்தார். விலை 405 கோடி டாலர்.

வாங்கிய டிஸ்னிக்கு வேறொரு பழைய தலைவலி இருந்தது. அதைச் சொல்லாவிட்டால் இந்தக் கதை புரியாது.

1955ம் வருஷம் ஜூலை 17ம் தேதி கலிஃபோர்னியாவின் அனாஹெய்மில் வால்ட் டிஸ்னி தன் டிஸ்னிலேண்டைத் திறந்தார். சுமார் 1.7 கோடி டாலர் செலவு. அதற்குள்ளே 'டுமாரோலேண்ட்' என்று ஒரு பகுதி. நாளைய உலகம். 1986ம் வருஷம் எப்படி இருக்கும் என்று காட்டுவதாக ஏற்பாடு. சந்திரனுக்கு ராக்கெட்டில் போய்த் திரும்பும் ஒரு விளையாட்டு அங்கே பிரசித்தம்.

சிக்கல் என்னவென்றால், நாளை என்பது நிஜமாகவே வந்துவிடும். 1969ல் நீல் ஆம்ஸ்ட்ராங் சந்திரனில் இறங்கிவிட்டார். வரவேற்பறை டிவியில் ஓசியில் பார்த்த விஷயத்துக்கு யார் வரிசையில் நிற்பார்கள்? 1975ல் சந்திரப் பயணத்தைச் செவ்வாய்ப் பயணமாக மாற்றினார்கள். ம்ஹூம். எத்தனை வெள்ளையடித்தாலும் நாளைய உலகம் நேற்றைய உலகமாகிக்கொண்டே இருந்தது.

இந்த இடத்தில்தான் லூகாஸ் கைகொடுத்தார். அவர் கதை எதிர்காலத்தில் நடப்பதே அல்ல. எப்போதோ, எங்கோ, வெகுதொலைவு நட்சத்திர மண்டலத்தில் நடந்து முடிந்தது என்று படத்தின் முதல் வரியிலேயே சொல்லிவிடுவார். முடிந்துபோன கதைக்குக் காலாவதி தேதி ஏது? 1987 ஜனவரி 9ம் தேதி டிஸ்னிலேண்டில் 'ஸ்டார் டூர்ஸ்' ஆரம்பமானது. விமானிகளுக்குப் பயிற்சி கொடுக்கும் இயந்திரத்தை 40 பேர் உட்காரும் விண்கலமாக மாற்றியிருந்தார்கள். செலவு 3.2 கோடி டாலர். மொத்த டிஸ்னிலேண்டையும் 1955ல் கட்டி முடித்த காசைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. கூட்டம் தாங்காமல் முதலில் 60 மணி நேரம் பூங்காவை மூடாமலேயே வைத்திருந்தார்கள்.

ஆனாலும் அது ஒரு சவாரி. நாலைந்து நிமிடத்தில் இறக்கிவிட்டுவிடுவார்கள். வெளியே வந்தால் மிக்கி மவுஸ் கையாட்டிக்கொண்டிருக்கும். மூடு போய்விடும்.

அந்தக் குறையைத் தீர்த்துக் காட்டியது டிஸ்னி அல்ல, போட்டிக் கம்பெனி. 2010 ஜூனில் ஃபுளோரிடாவில் யூனிவர்சல் நிறுவனம் ஹாரி பாட்டரின் உலகத்தைத் திறந்தது. ராட்டினம் இரண்டாம் பட்சம். தெருதான் முக்கியம். கடைதான் முக்கியம். மந்திரக்கோல் வாங்கலாம், கதையில் வரும் பட்டர்பியர் குடிக்கலாம். கதைக்குள் இல்லாத கோக்குக்கு அங்கே இடமில்லை. ஜனங்கள் பைத்தியமாகிப் போனார்கள். டிஸ்னிக்குப் பாடம் புரிந்தது. ரசிகனுக்கு வேண்டியது சவாரி இல்லை. குடியுரிமை.

2015 ஆகஸ்டில் டிஸ்னி தலைவர் பாப் ஐகர் அறிவித்தார். கலிஃபோர்னியாவிலும் ஃபுளோரிடாவிலும் தலா 14 ஏக்கரில் ஒரு ஸ்டார் வார்ஸ் கிரகம். 2019 மே 31ம் தேதி முதலாவது திறந்தது. ஆகஸ்ட் 29ம் தேதி இரண்டாவது. பெயர் 'கேலக்ஸிஸ் எட்ஜ்'. கிரகத்தின் பெயர் பட்டூ.

இப்போது அந்த 1977ம் வருஷத்து எட்டு வயதுப் பையன் நீங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு ஐம்பது வயது. முட்டி வலி. வீட்டுக் கடன். பரணில் அந்தப் பொம்மை இன்னும் இருக்கிறது. கிளம்பிப் போகிறீர்கள்.

நுழைந்ததும் முதலில் உங்களுக்கு ஒன்றும் புரியாது. 'ஸ்டார் வார்ஸ்' என்று எழுதிய பலகை கண்ணில் படாது. அங்கே வாழ்கிறவர்களுக்கு அது சினிமா இல்லையே? ஊர். மொராக்கோவுக்கும் இஸ்தான்புல்லுக்கும் ஜெருசலேமுக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்து, அந்தப் பழைய சந்துகளின் சாயலில் கட்டியிருக்கிறார்கள். சுவரில் துப்பாக்கி சுட்ட தழும்பு. தரையில் ரோபோக்களின் சக்கரத் தடம். பெயர்ப்பலகைகள் படத்தில் வரும் கற்பனை எழுத்தில். கடைக்காரர் காலை வணக்கம் சொல்லமாட்டார். பிரகாசமான சூரியன்கள் என்பார். அந்த ஊரில் அதுதான் வணக்கம். கோக் உண்டு, ஆனால் உருண்டையான பாட்டிலில், அதே கற்பனை எழுத்தில். பார்த்தால் கையெறி குண்டு மாதிரி இருக்கும். 2019 ஆகஸ்டில் அமெரிக்க விமான நிலையப் பாதுகாப்புத் துறை, அந்த பாட்டிலோடு விமானம் ஏறக்கூடாது என்றே சொல்லிவிட்டது. ஒரே கூச்சல். பிறகு இறங்கி வந்தார்கள்.

திரும்பினால், ஃபால்கன்.

படத்தில் ஹான் சோலோ ஓட்டுவாரே, அந்த ஓட்டை உடைசல் விண்கலம். நூறடிக்கு மேல் நீளம். நிஜ அளவு. உங்கள் கையில் பிளாஸ்டிக்காக இருந்த சமாசாரம் எதிரே நிற்கிறது. உள்ளே போனால் அதே சதுரங்க மேசை. ஆறு பேர் விமானி அறையில் உட்காருகிறீர்கள். இரண்டு பேர் ஓட்டவேண்டும், இரண்டு பேர் சுடவேண்டும், இரண்டு பேர் ரிப்பேர் பார்க்கவேண்டும்.

அதே தெருவில் நீலப் பால் கிடைக்கும். 1977 படத்தில் கதாநாயகன் லூக் சாப்பாட்டு மேசையில் குடிப்பதாக வரும். தேங்காய்ப் பாலும் அரிசிப் பாலும் சேர்த்துச் செய்தது. பக்கத்தில் ஒளிவாள் செய்யும் பட்டறை. ஒரு வேளைக்கு 14 பேர்தான் செய்யமுடியும். கல்லைத் தேர்ந்தெடுத்து, பாகங்களைப் பூட்டி, இருபது நிமிடச் சடங்கு. திறந்த புதிதில் விலை 199 டாலர் 99 சென்ட். வாள் ஒளிரும் கணத்தில் கண்ணைத் துடைத்துக்கொள்கிற தாடிக்காரர்கள் அங்கே சகஜம்.

ஆனால் ஒரு வேடிக்கை பாருங்கள். ஜெடை வீரர்களின் அங்கி கடையில் தொங்கும். நீங்கள் வாங்கலாம். போட்டுக்கொண்டு நடக்கக்கூடாது. 14 வயதானவர்களும் அதற்கு மேற்பட்டவர்களும் பூங்காவுக்குள் வேஷம் கட்டக்கூடாது என்பது டிஸ்னி விதி. குடியுரிமை கொடுப்பார்கள், சீருடை கொடுக்கமாட்டார்கள்.

சரி. இத்தனையும் இருக்கிறது. லூக் எங்கே? ஹான் சோலோ எங்கே? கறுப்பு முகமூடி வில்லன் டார்த் வேடர் எங்கே?

கிடையாது. காரணம் ரொம்பக் கறாரானது. பட்டூவில் நடப்பது ஒரு குறிப்பிட்ட காலம். 2017ல் வந்த எட்டாம் பாகத்துக்கும் 2019ல் வந்த ஒன்பதாம் பாகத்துக்கும் நடுவே. கதைப்படி வேடர் எப்போதோ காலி. ஹான் சோலோ ஏழாம் பாகத்திலும் லூக் எட்டாம் பாகத்திலும் இறந்தாகிவிட்டது. செத்தவர்கள் தெருவில் நடந்தால் லாஜிக் உதைக்கும். ஆகவே ரே இருப்பாள், கைலோ ரென் இருப்பான். புதிய தலைமுறை. ஜான் வில்லியம்ஸின் பிரசித்தி பெற்ற இசைகூடத் தெருவில் ஒலிக்காது. நிஜ ஊரில் பின்னணி இசை ஏது?

தர்க்கம் சரி. மனசு? நாற்பத்திரண்டு வருஷம் காத்திருந்து வீட்டுக்கு வந்தால், சொந்தக்காரர்கள் எல்லாம் காலிசெய்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

முதல் கோடையில் டிஸ்னி எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. அந்தக் காலாண்டில் அமெரிக்காவிலுள்ள டிஸ்னி பூங்காக்களின் வருகை 3 சதவீதம் குறைந்தது. கூட்டம் நசுக்கிவிடும் என்று பயந்தே பலர் வரவில்லை. பெரிய சவாரியான 'ரைஸ் ஆஃப் தி ரெசிஸ்டன்ஸ்' அப்போது தயாராகவுமில்லை. டிசம்பரில் ஃபுளோரிடாவிலும் ஜனவரியில் கலிஃபோர்னியாவிலும் அது திறந்தபிறகுதான் விடிகாலையில் வரிசை நின்றது.

அடுத்து இன்னும் பெரிய ஆட்டம் ஆடினார்கள். 2022 மார்ச் 1ம் தேதி ஃபுளோரிடாவில் ஓட்டல். ஓட்டல் என்றால் விண்கப்பல். 100 அறைகள். இரண்டு ராத்திரி. நிஜ ஜன்னல் கிடையாது. ஜன்னல் வடிவத்தில் திரை, திரையில் விண்வெளி. உங்களைச் சுற்றி நடிகர்கள் கதையை நடத்துவார்கள், நீங்களும் ஒரு பாத்திரம். நான்கு பேர் குடும்பத்துக்குச் சுமார் 6,000 டாலர்.

போனவர்களில் பலர் உருகிப்போய்த்தான் திரும்பினார்கள். ஆனால் போனவர்கள் எத்தனை பேர்? பிரியம் இருந்தவர்களிடம் பணம் இல்லை. பணம் இருந்தவர்கள் எல்லோருக்கும் அந்தப் பிரியம் இல்லை. 2023 செப்டம்பரோடு இழுத்து மூடிவிட்டார்கள். ஒன்றரை வருஷம்கூட முழுசாக ஆகியிருக்கவில்லை என்று சொல்லமுடியாது; ஆனால் இரண்டு வருஷம் ஆகவில்லை. கட்டடத்தின் மதிப்பை அவசரமாகத் தேய்மானக் கணக்கில் எழுதித் தள்ளினார்கள். சுமார் 30 கோடி டாலர். கணக்கு நோட்டில் கட்டடம் தேயும், நாற்காலி தேயும், ஜன்னல் திரை தேயும். ரசிகனின் பிரியத்துக்குத் தேய்மான விகிதம் இத்தனை சதவீதம் என்று மட்டும் எந்த ஆடிட்டராலும் சொல்லமுடியாது.

டிஸ்னிக்கு அது மெதுவாகத்தான் விளங்கியது. 2025 நவம்பரில் கலிஃபோர்னியா பூங்கா ஓர் அறிவிப்பு வெளியிட்டது. 2026 ஏப்ரல் 29 முதல் பட்டூவின் காலக்கணக்கு தளர்த்தப்படும். லூக் வருவார். ஹான் சோலோ, இளவரசி லேயா வருவார்கள். வேடரும் வருவார். தெருவில் ஜான் வில்லியம்ஸ் இசை ஒலிக்கும்.

டுமாரோலேண்டில் 1955ல் ஆரம்பித்த அதே தலைவலிதான் இது. ஒரு தேதியைக் குறித்துக்கொண்டு ஊர் கட்டினால் அந்தத் தேதி பழசாகிவிடும். 1986 என்று குறித்தாலும் சரி, எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவே என்று குறித்தாலும் சரி. ரசிகன் மனசில் ஓடுகிற காலண்டர் வேறு. அதில் ஒரே ஒரு தேதிதான். அவனுக்கு எட்டு வயதான தினம்.

ஐம்பது வயதுக்காரர்களுக்குச் சந்தோஷம். சரிதான். ஆனால் இன்னொருத்தியையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 2019ல் எட்டு வயதில் அந்தக் கிரகத்துக்கு வந்து, ரேயின் கையைப் பிடித்துக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்ட சிறுமி. அவளுக்கு லூக் யாரோ ஒரு தாத்தா. ரேதான் எல்லாம். புதிய ஏற்பாட்டில் ரேவுக்கு அந்தப் பெரிய சவாரியின் பக்கத்தில் ஓர் ஓரம் ஒதுக்கியிருக்கிறார்கள்.

அந்தச் சிறுமிக்கு ஐம்பது வயதாகும்போது 2061ம் வருஷம். முட்டி வலியோடு கிளம்பி வருவாள். ரே எங்கே என்று கேட்பாள். பதில் சொல்ல யாராவது இருக்கவேண்டும்.